நாலாவது கல்

இருந்தவர்கள் மூவர்.

முதல் கல்லில் சூசை, வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு. இரண்டாவதில் பலராமன், அலை தெறித்து வேட்டி நனைந்துவிடுமே என்ற பெருங்கவலையோடு. மூன்றாவதில் சக்கரபாணி. பிரான்சுவா விழுந்த சத்தம் கேட்டதும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிய மாவீரன்.

நாலாவது கல் காலி.

ஆதிமூலம் இத்தனையும் நம்பர் போட்டு எழுதினான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரம்தான் மேசை. கட்டிலில் பிரான்சுவா மல்லாந்து கிடந்தான். பதினாறு வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் இன்றோடு பதினெட்டு நாள்.

கேள்வி அல்ஜீரியாவிலிருந்து வந்திருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சர்ஜான் உத்தியோகத்தில் இருக்கும் பிரான்சுவாவின் அப்பா கேட்டிருந்தார். எவன் எவன் இருந்தான், எங்கே உட்கார்ந்திருந்தான், ஒருத்தனையும் விடாமல் எழுதவும். அந்த நாய்கள் இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது.

அம்மா அந்தோணிமேரிக்கு எழுதத் தெரியாது. பிரான்சுவாவுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுதான்; அப்பாவுக்கோ தமிழ்தான் படிக்க வரும். அந்த வீட்டுக் கடிதாசியெல்லாம் ஆதிமூலத்தின் கைதான். பாதி நாள் சோறும் அங்கேதான்.

இந்தக் கோழைகளில் ஒருவனாவது எட்டிப் பார்த்தானா? தினமும் வருவது தான் ஒருவன்தான் என்று நினைக்க அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எழுதியதை உரக்கப் படித்தான்.

'புயலில் இடிந்த கடல்பாலத்தின் தூணில் ஏறி, மீசை அரும்பியவன் ஒருமுறை குதித்தாக வேண்டும் என்பது இவர்களுடைய வழக்கம். அடியில் ஓர் இரும்பு உத்தரம் கிடக்கிறது. தண்ணீர் அதை மூடும்வரை ஏறியிருக்கிறதா என்று நாலாவது கல்லில் ஒருவன் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்று மடையர்களும் அங்கே ஆளே வைக்கவில்லை.'

தரையில் உட்கார்ந்திருந்த அந்தோணிமேரி நிமிர்ந்தாள்.

"நீ எங்க குந்தியிருந்த தம்பி?"

ஆதிமூலம் பேனாவுக்கு மூடி போட்டான்.

"அவன் எங்கம்மா வந்தான்?" என்றான் பிரான்சுவா, கூரையைப் பார்த்தபடி. "தண்ணியக் கண்டாலே அவனுக்கு ஒண்ணுக்கு வந்துடும். தொடநடுங்கி."

அவள் சிரித்தாள். பதினெட்டு நாளில் முதல் சிரிப்பு.

ஆதிமூலமும் சிரிக்க முயன்றான். தூணின் உச்சியிலிருந்து, "ஆதி, தண்ணி ஏறிடுச்சாடா?" என்று கேட்டதும் இதே குரல்தான். அந்த நேரம் நாலாவது கல்லிலிருந்து எழுந்துபோய்ச் சூசையிடம் கடலைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்க்காமலே "ஏறிடுச்சு, குதி" என்றிருந்தான்.

கடிதத்தை மடித்து உறையில் போட்டான். கோந்தை நாக்கால் நனைத்தான். வாய் காய்ந்திருந்தது, ஒட்டவில்லை.

பிரான்சுவா கையை நீட்டி உறையை வாங்கினான். தன் நாக்கால் நனைத்து, நெஞ்சின்மேல் வைத்து, ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டிக் கொடுத்தான்.

"பொட்டியில உழுந்துதான்னு பாத்துட்டு வா. இந்த வாட்டியாவது பாத்துட்டுச் சொல்லு."

வாசலில் தபால்பெட்டி இருந்தது. உறையை உள்ளே தள்ளிவிட்டு, ஆதிமூலம் அதன் வாய்க்குள் குனிந்து பார்த்தான்.