வால்வை மெல்ல மூடணும்

1967-ல் பிளாஸ்டிக் பைப்பு திண்டுக்கல்லுக்குப் புதுசு. கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பார்களே தவிர, மீரான் சொல்லும் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு வேடசந்தூர்ப் பக்கமிருந்து வந்த வீரப்பெருமாள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தார்.

“தண்ணி எம்புட்டு வேகத்துல ஓடலாம், பாய்?”

“நொடிக்கு அஞ்சடிக்கு மேல போகக் கூடாதுண்ணே. அதைவிட முக்கியம், மோட்டார் ஓடையில வால்வைப் படக்குன்னு மூடிறக் கூடாது. ஓடுற தண்ணி திரும்பி மோதிப் பைப்பைப் பிளந்துரும்.”

“எந்த எடத்துல பிளக்கும்?”

“அநேகமா கிணத்துக்குள்ள, மோட்டாரை ஒட்டின இணைப்புல.”

“அங்ஙன ஆள் நின்னா?”

“அடிக்கிற அடியில கிணத்துப் பாறையில போய் விழுவான். பிழைக்க மாட்டான். அதான் மெல்ல மூடணும்ங்கிறேன்.”

வீரப்பெருமாள் தலையாட்டிக்கொண்டார். இப்படியொரு பொறுப்பான ஆளைப் பார்த்ததில் மீரானுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

“உங்களுக்கு எத்தனை அடிண்ணே வேணும்?”

“எனக்கு வேணாம். போன வாரம் எங்கண்ணன் இங்கதான் வாங்கிட்டு வந்து மாட்டிட்டாரு.”

“அப்ப நான் சொன்னதையெல்லாம் அவர்கிட்டச் சொல்லிருங்க.”

“நாங்க பேசிக்கிறதில்ல, பாய். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான கெணத்தை அவரே எடுத்துக்கிட்டாரு.”



வீரப்பெருமாள் எழுந்து சைக்கிளைத் தள்ளினார். “ஆனா பைப்பு என் வயல் வழியாத்தான் போகுது. வால்வும் என் எல்லைக்குள்ளதான் இருக்கு.”