பஞ்சு சிக்கிய இடம்

வில் கடைக்காரர் துளிப் பஞ்சை எடுத்து, மேசைமேல் கிடக்கும், கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லின் வளையும் மேல்தகட்டில் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார். எதிரே நர்ஸ் உடுப்போடு நிற்பவள் அவர் விரலையே பார்க்கிறாள். போன மாதம் இதே இடத்தில் கைகளை விரித்து நின்று, தனக்கேற்ற வில்லின் அளவைக் கேட்டுச் செல்போனில் குறித்துக்கொண்டு போனவள். வில்லை ஆன்லைனில் வாங்கிவிட்டாள். சுவரில் மாட்டிய வில்களின் விலைச்சீட்டுகள் வெயிலில் மஞ்சளித்துக் கிடக்கின்றன. தகட்டின் நடுவில் பஞ்சு நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இரண்டு இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. "அம்பு வைக்காம நாணை இழுத்து விட்டீங்களாம்மா?" "ஒரே ஒரு தடவைண்ணா. எப்படி இருக்குன்னு பாத்தேன்." "அம்புக்குப் போக வேண்டிய வேகம் மொத்தமும் வில்லுலயே இறங்கியிருக்கு. இனி இழுத்தா மூஞ்சியிலயே வெடிக்கும்." "ஞாயித்துக்கிழமை டீம் செலக்‌ஷன்ண்ணா. தகட்டை மட்டும் மாத்த முடியாதா?" "புதுத் தகடு வர ஒன்றரை மாசம் ஆகும்." "அன்னிக்கு அவ்வளவு நேரம் அளந்தீங்களே, அம்பில்லாம விடக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" வில் வாங்குகிற ஒவ்வொருவரோடும் வாசல்வரை போய், இதை இரண்டு தடவை சொல்லி அனுப்புவது அவர் வழக்கம். அன்று அவள் செல்போனை எடுத்ததுமே, இங்கே வாங்கப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டி அனுப்பினார். இப்போது குனிந்து, சிக்கிய இழைகளை ஊதுகிறார். அவை ஆடுகின்றன, விடுபடவில்லை.