நான்கு துளைப் பொத்தான்

கோட்டைக் குழியில் கிடந்த எலும்புக்கூட்டின் மூடிய கைக்குள் ஒரு பொத்தான் இருந்தது. மாட்டு விலா எலும்பை வட்டமாக அறுத்து, கையால் நான்கு துளை போட்டிருந்தார்கள். நான்காவது கோணல்.

"எவன் சட்டையையோ பிடிச்சுக்கிட்டே செத்திருக்கான்" என்றார் குழிக்கரையில் நின்ற தொல்லியல் துறை இயக்குநர் திருமேனி. "கண்டெடுத்தவர்னு என் பேரைப் போடுங்க."

"மூணு மாசமா வெயில்ல தோண்டினது நான். நீங்க இன்னிக்குத்தான் காரை விட்டே இறங்குறீங்க" என்றார் துணை ஆய்வாளர் அருளப்பன்.

"வாயை மூடுய்யா! இருபது வருசத்துல நான் பொறுக்காத பொத்தானா?"

"எல்லாம் அடுத்தவன் தோண்டினதுதானே?"

திருமேனி அருளப்பனின் சட்டையைப் பிடித்தார். அவர் தள்ளினார். குழிக்குள் எலும்புக்கூட்டின் அருகே போய் விழுந்த இயக்குநர் அசையவில்லை. அவர் கைக்குள் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். நான்கு துளைகளும் நேராக இருந்தன.

பதிவேடு எழுதும் மரகதம் பேனாவைத் திறந்தாள்.

"இதைக் கண்டெடுத்தவர்னு யார் பேரை சார் போடட்டும்?"