தண்ணீர்ச் சத்தம்

அந்தோணிமுத்து திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று முதலில் வந்து சொன்னது துப்புரவு வேலை பார்க்கும் முத்துப்பேச்சிதான்.

டயாலிசிஸ் நர்ஸ் புவனேஸ்வரிக்குப் பகீரென்றது. சிறுநீரகம் இரண்டும் போன மனிதர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. மீறினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். போன மாதம்தான் அப்படி ஒருத்தர் போய்ச் சேர்ந்தார்.

எங்கே பார்த்தாய் என்று கேட்டாள்.

பிணவறைப் பக்கம் என்றாள் முத்துப்பேச்சி. டயாலிசிஸ் மிஷினுக்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டு, மிச்சத்தை வெளியே தள்ளும் குழாய் அங்கேதான் இருக்கிறது. ஒரு மணிக்கு மிஷினில் படுக்க வேண்டியவர், பதினொரு மணிக்கே வந்து அந்தக் குழாயடியில் பிளாஸ்டிக் குடத்தோடு குத்தவைத்திருக்கிறாராம். மாடிப்படி ஜன்னல் வழியாக மூன்று தடவை பார்த்தாளாம்.

புவனேஸ்வரிக்கு ரீனாவின் ஞாபகம் வந்தது.

ரீனா பொது சுகாதாரம் படிக்கிற பெண்; சில வாரங்களுக்கு முன் வார்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிகளாலும் பூமி சூடாகிறது, கரண்டும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும் கணக்கில்லாமல் செலவாகிறது, நோயாளிகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கட்டில் கட்டிலாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். வெளியே சித்திரை வெயில் நூற்று நான்கைத் தொட்டிருந்தது.

“உசுரு இருந்தாத்தாம்மா வெயிலப் பத்திக் கவலப்பட முடியும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டில் குர்ஷித் பேகம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள்.

அந்தோணிமுத்து மட்டும் எதுவும் சொல்லாமல், ஒரு கேள்வி கேட்டார்.

“என் ஒருத்தனுக்கு எம்புட்டுத் தண்ணி வீணாப் போகுது?”

ஒரு தடவைக்கு இருநூறு லிட்டர் போல என்றாள் ரீனா. ஊரில் அவர் கிணறு வற்றி, மல்லிகைத் தோட்டம் கருகி இரண்டு வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து மிஷின் ஓடும் நான்கு மணி நேரமும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சுவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மெல்லக் கேட்கும். ஒருநாள் புவனேஸ்வரியிடம், “ஒங்களுக்குக் கேக்குதா?” என்றார். அவளுக்கு என்னவோ போலிருந்தது.

இப்போது முத்துப்பேச்சி சொன்னதைக் கேட்டதும் அவரைக் கூப்பிட்டு எடை பார்த்தாள். போன டயாலிசிஸுக்குப் பிறகு ஒரு கிலோதான் கூடியிருந்தது. வாயைக் கட்டி இருப்பவர்களுக்குத்தான் அப்படி வரும். அடுத்த தடவையும் அதேதான்.

“குடம் குடமாக் காலியாகுதும்மா. இன்னைக்கும் பாத்தேன்” என்று சத்தியம் செய்தாள் முத்துப்பேச்சி.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

முத்துப்பேச்சி வார்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“அவரு குடிக்கலம்மா. உள்ள கெடக்கிறவுக குடிக்கிறாக.”

மறுநாளிலிருந்து பிணவறைப் பக்கம் கூட்டப் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் புவனேஸ்வரியே போனாள். ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டிடம் அது. அதன் கதவுக்கு எதிரே வெறும் பொட்டல். உடலை வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடம். அன்று யாரும் இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

சுவர் ஓரமாக நடந்தாள். களக் களக்கென்று தண்ணீர் ஊற்றும் சத்தம். கூடவே ஒரு முணுமுணுப்பு.

“குடி… நல்லாக் குடி.”

திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் முனையைத் தாண்டினாள்.

அந்தோணிமுத்து குனிந்து நின்றிருந்தார். ஊசி போடும் இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால், வலது கையால் மட்டும் அரைக் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பொட்டலின் ஓரம் நெடுக, தூரத்துக்கு வெறும் முட்புதராகத் தெரியும்படி முள் வைத்து மறைத்த ஒன்பது குழிகள். ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு புங்கங்கன்று.

பயம் போன வேகத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. இந்த வெயிலில் இந்த உடம்போடு இது தேவையா என்று திட்டினாள். மரம்தான் வைக்க வேண்டுமென்றால் முன்வாசலில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே, போயும் போயும் பிணவறை வாசலா கிடைத்தது என்று கேட்டாள்.

அவர் குடத்தில் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் வடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“முன்வாசல்ல நெழலு இருக்கும்மா. எம்பொண்டாட்டி பிள்ளைக எனக்காக வந்து நிக்கப்போறது இங்கனதான.”