மோதிரத்துக்குள்ளால் ஒரு சால்வை

சால்வை மோதிரத்துக்குள்ளால் பாதிவரை வந்து நின்றுவிட்டது.

முன்னால் இழுத்தேன். வரவில்லை. பின்னால் இழுத்தேன். அதற்கும் மனமில்லை.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் எதிரே இருந்த வெள்ளைக்காரர் கைபேசியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் உடனே விளக்கத் தொடங்கினேன். அது என் வியாதி.

இந்த நாட்டு அரச குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் சுற்றுவதற்கு, இங்கே வடகோடித் தீவுகளில் வலைபோன்ற கம்பளிச் சால்வை பின்னுவார்களாம். ஆளுயரச் சதுரம். ஆனாலும் முழுவதும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள்ளால் போகும். காரணம் எளிது. அதில் நூலைவிடத் துளைதான் அதிகம். காற்றைப் பிழிந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு விரல் தடிப்பு.

நான் லிப்ட் திருத்துகிறவன். இரும்புக் கயிறு முறுக்குகிற விதம் தெரிந்தவனுக்குக் கம்பளி நூல் எம்மாத்திரம் என்று நினைத்தேன். என் மனைவி றூபினி பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்த கிழமையே ஊசி வாங்கினேன். மெல்லிய நூல் என் விரலுக்கு அறுந்துகொண்டே இருந்தது. சற்றுத் தடித்த நூலுக்கு மாறினேன். சற்று என்றால், மூன்று மடங்கு.

"என்ன மச்சான், சூடைமீன் பிடிக்கிற வலையோ?" என்று கேட்டான் றொனால்ட். றூபினியின் அண்ணன். மன்னாரில் கிழிந்த வலை பொத்திய பரம்பரை, கேட்க உரிமை உண்டு.

ஞானஸ்நானத்துக்கு அரண்மனைச் சால்வை வருகிறது என்று நாங்கள் குடியிருக்கும் நோர்பரியில் பாதிப் பேருக்குச் சொல்லியிருந்தேன். சுவாமியாருக்கு இரண்டு தரம்.

மோதிரம் ஏன் விரலில் இல்லாமல் கையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே போகிறவர்கள் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது. மோதிரத்தின் அடியில் கிருமி தங்கும்.

உள்ளே எங்கள் மகள், வரவேண்டிய நாளுக்கு வெகு முன்னரே வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சால்வையின் கடைசிக் கரையை இந்த நாற்காலியில் இருந்துதான் முடித்தேன்.

றூபினி இன்னும் அவளைத் தூக்கவில்லை. எங்களுடையது ஏதாவது ஒன்று பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

தாதி வந்து சால்வையைத் தடவிப் பார்த்தார். மிக அழகு என்றார். உள்ளே விட முடியாது என்றார்.

நான் கம்பளி, துளை, காற்று என்று ஆரம்பித்தேன்.

"இஞ்சேரப்பா, கொஞ்சம் வாயை மூடுங்கோ. அவ சொல்லுறதைக் கேப்பம்," என்றாள் பக்கத்தில் இருந்த றூபினி.

மகளின் விரல் தீக்குச்சியளவு. துளைக்குள் போனால் நூல் இறுக்கிவிடும். இரத்தம் ஓடாது.

மாதக்கணக்காக நான் செய்ததெல்லாம் துளைகள். அதுவும் சரியாக அந்த அளவில்.

துளையில்லாமல், இவ்வளவு போதும் என்று தாதி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒன்றல்ல, இரண்டு வேண்டும் என்றார்.

பின்னலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடைசியாக முடிந்த இடத்தை அவிழ்த்து இழுத்தால், வந்த வழியே முழுவதும் திரும்பிப் போகும்.

சால்வையை ஒருவாறு மோதிரத்திலிருந்து மீட்டு, அவிழ்த்து இழுத்தேன். நூல் சிக்காமல் வருவதற்கு, றூபினி அதை மோதிரத்துக்குள்ளால் விட்டு உருண்டையாகச் சுற்றினாள். எதிரே இருந்தவர் எழுந்து வந்து மறுகரையைப் பிடித்துக்கொண்டார்.

பின்னேரத்துக்குள் சால்வை முழுவதும் மோதிரத்துக்குள்ளால் போய்விட்டது. றொனால்டுக்கு இதை மட்டும் சொல்வதாக இருக்கிறேன்.

அந்த நூலைக் கழுவி உலர்த்தி, நெருக்கமாக, உள்ளங்கையளவில் இரண்டு சதுரம் பின்னினேன். ஒன்று றூபினியின் சட்டைக்குள், நெஞ்சோடு இருக்கும். மற்றது மகளின் கன்னத்துக்குக் கீழே. ஒவ்வொரு காலையும் இரண்டையும் இடம் மாற்றுகிறோம். தாயின் வாசம் பெட்டிக்குள் போகிறது. பிள்ளையின் வாசம் வெளியே வருகிறது.