கஞ்சாச் சொட்டு

"இத்தன வயசுக்கு மேல, கஞ்சாக்குடிக்கி பொண்டாட்டின்னு எனக்கொரு பட்டம் வேணுமாக்கும்?"

பேச்சியம்மாளின் குரல் தியாகராய நகர் ஆராய்ச்சி நிலையத்தின் மாடிப்படி முழுக்கக் கேட்டது. லிஃப்ட் ஓடவில்லை. முட்டுவலி என்று கோயிலில்கூடப் படியேறாமல் கீழேயே நின்று கும்பிடுகிறவள், இன்று ஆத்திரத்தில் புருஷனை முந்திக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய்விட்டாள்.

கணேசமூர்த்தி கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் ஏறினார். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. சர்க்கரை முற்றிப்போய், பாதம் இரண்டும் ராப்பகலாகத் தீயாய் எரிகிறது. தீபாவளிக்குள் கடையில் போய் நிற்க முடியாவிட்டால் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டியதுதான். மாப்பிள்ளை வியாபாரம் பண்ணுகிற லட்சணத்துக்கு, அடுத்த தீபாவளிக்குக் கடையே இருக்காது.

அதனால்தான் கஞ்சாவிலிருந்து எடுத்த வலி மருந்தைப் பரிசோதிக்க ஆள் தேடுகிறார்கள், அரசு அனுமதியும் உண்டு என்றதும் ஓடிவந்து சேர்ந்தார். அன்று தொடங்கியது வீட்டில் வசவு. பேரப்பிள்ளைகள் கையில் கிடைத்துவிடப் போகிறது என்று பேச்சியம்மாள் அந்த எண்ணெய் மருந்துப் பாட்டிலைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். காலையும் மாலையும் அவளே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் நாக்குக்கடியில் சொட்டு விட்டாள்.

அறையில் நர்ஸ் காவேரி ஒரு கேமராவும் திரையுமாகக் காத்திருந்தாள். "இதுல கண்ணைக் காட்டுங்க சார். டாக்டர் சரண்யா அடையாறுலேர்ந்து பாப்பாங்க."

"அடையாத்துல உக்காந்துகிட்டு இங்க உள்ளவுக கண்ணைப் பாக்காகளாம்," என்று உதட்டைப் பிதுக்கினாள் பேச்சியம்மாள். "மருந்தும் பித்தலாட்டம், மிஷினும் பித்தலாட்டம். எங்க, எனக்கு என்ன சீக்குன்னு சொல்லட்டும் பாப்போம்."

கணவரை ஒதுக்கிவிட்டு அவளே கேமரா முன் உட்கார்ந்து கண்ணை விரித்தாள். திரையில் இருந்த டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சாரைப் பாத்துட்டுச் சொல்றேம்மா."

"பாத்தியளா, முழிக்காக," என்று எழுந்தாள் பேச்சியம்மாள்.

டாக்டர் கணேசமூர்த்தியின் கண்களைப் பார்த்தார். "எரிச்சல் குறைஞ்சிருக்கா சார்?"

வீட்டில் வீம்புக்கு 'தேவலை' என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் இங்கே உடைந்துவிட்டார். "இம்மிகூடக் குறையலம்மா."

"அதானே. கஞ்சாவுக்கே இவுக உடம்பு பிடிக்கல போல," என்றாள் பேச்சியம்மாள்.

"சார், இன்னிக்குக் காலையில மருந்து எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தேம்மா. ஒரு வேளைகூட விட்டதில்ல. இவதான் ஊத்துவா, வேணும்னா கேட்டுப் பாருங்க. பலிக்கலன்னு என்னைத் தள்ளிராதீங்க. இத விட்டா எனக்கு வேற வழி இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், இந்த மருந்து உள்ள போனா கண்ணு செவக்கும். எல்லாருக்கும் ஒரே மருந்துதான் குடுத்திருக்கோம். உங்க கண்ணு பளிச்சுன்னு இருக்கு. அம்மா கண்ணுதான் செவசெவன்னு இருக்கு."

கணேசமூர்த்தி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவர் பாதம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

பேச்சியம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"முட்டுவலிக்கு நல்லாத்தான் கேக்குது. இவுகளுக்கு நல்லெண்ணெய் போதும்."