முப்பத்தொன்றாவது ஏரி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் இருந்த தூண்டில் கடைக்கு வேலைக்குப் புதிதாக வந்திருந்த டுவெயின், பனி உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் விரிக்கும் கூடாரத்தைக் காட்டினான்.

"ஒரு ஆளுக்குன்னா இதுதாம்மா. தோள்ல போட்டுட்டு நடக்கலாம். ஒரே நிமிஷத்துல விரிஞ்சிடும்."

வாங்க வந்த மார்லிஸ் துணியைத் தடவிப் பார்த்தாள். "காத்து உள்ள வராதே? போன வாரம் என் வீட்டுக்காரருக்குக் காது மடல் விறைச்சுப்போச்சு. ஒரே ஏரியில நிக்கமாட்டார். புதுசு புதுசாத் தேடிப் போறார்."

"பெரிய மீன் ருசி கண்டவர் போல!" சிரித்தபடி ஒரு வாளியை எடுத்துவைத்தான். "பிடிக்கிற மீனைப் போட, இது இலவசம்."

"வாளி வேணாம்பா. அவர் மீன் பிடிக்கிறதில்ல."

"அப்புறம் எதுக்கும்மா கூடாரம்?"

"துளை போட்டு, பனி எத்தனை அங்குலம் கெட்டியா இருக்குன்னு அளப்பார். அதைப் பலகையில எழுதிக் கரையில நட்டுட்டு அடுத்த ஏரிக்குப் போயிடுவார். எங்க பையன் பனி உடைஞ்சு முழுகின ஏரியில அப்படி ஒரு பலகை இல்ல. அவரை என்னால நிறுத்த முடியல. காத்தையாவது நிறுத்தலாமேன்னு வந்தேன்."

வாளியை எங்கே வைப்பதென்று டுவெயினுக்குத் தெரியவில்லை. "இன்னும் எத்தனை ஏரிம்மா பாக்கி?"

அவள் ஜன்னலுக்கு வெளியே நின்ற தன் காரைக் காட்டினாள். அந்த மாநிலத்து வண்டிகளில் வழக்கமாக இருப்பது போல, அதன் நம்பர் பிளேட்டிலும் 'பத்தாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருந்தது.

"நேத்தோட முப்பத்தொண்ணு முடிஞ்சுது" என்றாள்.